பூண்டுத் தொட்டியும் எலிச் சதையும்

எலிச் சதை வளர்ப்பதுதான் என் வேலை என்றால் ஊரில் சிரிப்பார்கள். உண்மை அதுதான். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், எலியின் தசைச் செல்களை உள்ளங்கை அகலத் தட்டுகளில் வளர்க்கிறேன். முதலில் அவை தனித்தனியாகக் கிடக்கும். பிறகு ஒன்றையொன்று தேடிப்போய், வரிசைகட்டி, ஒட்டி, நீள நீள நாராகும். நன்றாக வளர்ந்த நார் தானாகவே துடிக்கும். பத்து வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அந்தத் தட்டில் வயலுக்கு அடிக்கிற மருந்தைத் துளியூண்டு விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. சில மருந்துகளில் செல்கள் சாவதில்லை. ஆனால் ஒட்டுவதுமில்லை. கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி தள்ளித் தள்ளியே கிடக்கும்.

பூண்டு ஊன்றும் சமயத்தில் ஒரு வார விடுப்பில் மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் கவுஞ்சிக்குப் போனேன். தம்பி மனைவிக்கு ஐந்தாம் மாதம். அவளைச் சுமை தூக்க விடாதீர்கள், மேட்டு வயலில் ஏற விடாதீர்கள் என்று போனிலேயே அம்மாவிடம் சண்டை போட்டிருந்தேன். சொன்னபடி கேட்டிருந்தார்கள். கொட்டகை நிழலில் பலகை போட்டு, அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்திருந்தார்கள். விதைப் பூண்டுப் பற்களைத் தொட்டியில் கலந்த மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காயப்போட வேண்டும். முழங்கைவரை வெறுங்கை.

எனக்கு உறைக்கவே இல்லை! பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் எலிச் சதைப் படங்களைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“இதென்ன மதினி, இதுல நாரு நாரா இருக்கு, அதுல பொரி எறைச்ச மாதிரி கெடக்கு?”

“அது மருந்து விட்டது.”

“என்ன மருந்து?”

பெயரைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் தொட்டியோரம் இருந்த டப்பா கண்ணில் பட்டது. அதே பெயர். கூறுகெட்டவள் நான், அரைமணி நேரமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். என்மேல் வந்த ஆத்திரத்தை அவள்மேல் காட்டினேன்.

“எடு கைய! எந்திரி மொதல்ல!”

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவ வைத்தேன். அம்மா ஓடிவந்தாள்.

“ஏண்டி கத்துற? நீ சொன்னேன்னுதான அவள நெழல்ல உக்கார வச்சோம்?”

தம்பி மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டாள்.

“எம் பிள்ளைக்கு இப்பத்தான் சதை கூடுதா மதினி?”

“ஆமா, இந்த மாசங்கள்லதான்.”

“ஒண்ணும் ஆகாதுல்ல?”

அவள் கைவழியாக உள்ளே எவ்வளவு போகும், பிள்ளைவரை போகுமா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

“தெரியல. நாளைக்கு டாக்டரப் பாப்போம். நீ இனிமே தொடாத.”

அவள் என் கைபேசியை வாங்கி, அந்தச் சேராத படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இதுல மருந்தக் கழுவி எடுத்துட்டா, திரும்பச் சேருமா?”

மருந்து விட்ட தட்டைப் படமெடுத்ததும் குப்பையில் போட்டுவிடுவோம். அதை அவளிடம் சொல்லவில்லை.

“பாத்ததில்ல,” என்றேன்.

“அப்ப இங்க உக்காந்து என்ன பண்றீங்க? போய்ப் பாத்துட்டு வெரசா போன் பண்ணுங்க.”

மறுநாள் அவளை டாக்டரிடம் காட்டினோம். பிள்ளை நன்றாக இருப்பதாகத்தான் தெரிகிறது, அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம் என்றார். விடுப்பு இன்னும் பாக்கியிருக்க, நான் மத்தியான பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

மருந்து விட்ட தட்டு ஒன்றைக் கழுவி, புதிய ஊட்டநீர் ஊற்றி வைத்தேன். தினமும் வெள்ளனே அவள் போன் வந்துவிடும். “சேந்துச்சா மதினி?” இரண்டு நாள் இல்லை என்றேன். மூன்றாம் நாள் ஓர் ஓரத்தில் ஒரே ஒரு நார், குட்டையாக.

“ஒண்ணு சேந்திருக்கு,” என்றேன். “எலியோடதுதான். ரொம்ப நம்பிராத.”

மறுமுனையில் அவள் அழுவது கேட்டது.