ஆனைக்குட்டத்துக்குப் போன பிலிம் துண்டு

அலாவுதீனுக்கு ஒரு குணம். தனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. சிவகாசியில் இருபது வருடமாக அச்சக வேலை. 2019 டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில் சூரிய கிரகணம் என்றதும் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அச்சகத்து மூலையில் கிடந்த பழைய கறுப்பு பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். “இது வழியாப் பாருங்க, கண்ணு கூசாது” என்று உபதேசம் வேறு.

அது அச்சகத்துக்காரர் புத்தி. அச்சடிக்கும் தகட்டில், அதுதான் பிளேட்டில், எழுத்தை ஏற்றும்போது அத்தனை பெரிய விளக்கு வெளிச்சத்தையே தடுக்கிற பிலிம், சூரியனைத் தடுக்காதா என்ன?

இருபத்துநாலாம் தேதி அருணாதேவி டீச்சர் ஒரு நோட்டீஸ் அடிக்க வந்தார். கிரகணத்தைப் பத்திரமாகப் பார்ப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்லும் நோட்டீஸ். முதல் தாளைச் சரிபார்த்த அலாவுதீனுக்கு மூன்றாவது வரியில் பகீரென்றது. ‘எக்ஸ்ரே, அச்சக பிலிம் வழியாகப் பார்க்காதீர்கள். கூசாவிட்டாலும் பார்வை கெடும்.’

“டீச்சர், பத்தொம்பது பேருக்குக் குடுத்துட்டேனே.”

டீச்சர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “நாளைக்கு ஒரு நா இருக்குல்லண்ணே. ஆளுக்கொரு நோட்டீசக் குடுத்துட்டு பிலிம வாங்கிருங்க” என்றார். அட்டையில் சிறு துளை போட்டுச் சுவரில் கிரகணம் காட்டவும் சொல்லிக்கொடுத்தார். அந்த நிதானத்துக்காக அலாவுதீன் இன்றைக்கும் அவரை வாயார வாழ்த்துவார்.

மறுநாள் முதலில் ஓடியது ஆனைக்குட்டம் கிராமத்துச் சங்கையா வீட்டுக்கு. மகள் அழகுமீனாவின் தை மாதக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்து, கையோடு பிலிமும் வாங்கிப்போன விவசாயி. சின்ன வயதில் வெடி வெடித்து ஒரு கண் போனவர். மிச்சம் இருப்பது ஒன்றுதான். வீடு பூட்டிக் கிடந்தது. பத்திரிகை வைக்க வெளியூர் போயிருக்கிறார்கள், காலையில் வருவார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சங்கையா போனையும் அணைத்து வைத்திருந்தார். அலாவுதீன் தெருத்தெருவாக அலைந்து மற்ற பதினெட்டையும் வாங்கினார். அந்த ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கிரகணத்தன்று விடிந்ததும் மறுபடி போனார். வண்டி வழியில் பஞ்சராகி எட்டு மணியாகிவிட்டது. சங்கையா தோட்டத்துக்குப் போய்விட்டாராம். அலாவுதீன் பருத்திக்குள் விழுந்தடித்து ஓடினார். வரப்பில் நின்ற சங்கையா பிலிமைக் கண்ணுக்கு நேரே தூக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பாக்காதீக.”

சங்கையா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கை அப்படியே கீழே இறங்கியது.

அலாவுதீன் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கொண்டுவந்த அட்டையில் கருவேலமுள்ளால் துளை போட்டு மோட்டார் ரூம் சுவருக்கு நேரே பிடித்தார். கடிபட்ட அப்பளம் போல ஒரு குட்டிச் சூரியன் சுவரில் விழுந்தது. வெட்டிய நகம் அளவுக்கு அது தேயும் வரை இருவரும் பார்த்தார்கள்.

“என் மேல கோவமில்லையா அண்ணாச்சி?”

“என்ன கோவம் பாய்? பிரியத்துலதான குடுத்தீக. தப்புன்னு தெரிஞ்சதும் இம்புட்டுத் தூரம் ஓடியாந்துருக்கீக. வேற யாரு வருவாக? எம் மக கழுத்துல தாலி ஏறுறத இந்தக் கண்ணாலதான் பாக்கப்போறேன். அன்னைக்கு நீங்க எம் பக்கத்துல நிக்கணும்.”

தான் சொன்ன தப்பையும் நம்பி, திருத்திச் சொன்னதையும் நம்பிய அந்த மனிதரின் கையை அலாவுதீன் வெகுநேரம் விடவில்லை.