கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைப் படை

அறுபதுகளின் நடுவில் அக்காவும் நானும் செஞ்சியில் ஒரு வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் முதலாளியம்மா வந்து, "மெட்ராஸ்லேர்ந்து டாக்டருங்க பள்ளிக்கூடத்துக்கு வராங்க. புத்துநோய் இருக்குதான்னு காசு வாங்காம பாக்குறாங்களாம். நானும் போறேன், நீங்களும் வாங்க" என்றார்.

அக்காவுக்குப் புகையிலை அடக்கும் பழக்கம். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படை இருந்தது.

"லேசாத்தான் எரியுது. அதுக்குப் போயி கூலிய வுடணுமா?" என்றாள்.

"கூலிய நான் தரேன்" என்றார் முதலாளியம்மா. அப்புறம் மறுக்க வழியில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் நின்றவர்கள் பெரும்பாலும் கடைத்தெருவின் வசதியான வீட்டுப் பெண்கள். எனக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அக்காவின் வாயில் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். "சதை கொஞ்சம் எடுத்துப் பாக்கணும். இங்க முடியாது, மெட்ராஸ் வாங்க." முதலாளியம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. அவரிடமும் அதையேதான் சொன்னார்.

முதலாளியம்மா அடுத்த வாரமே காரில் போனார். சாதாரணக் கட்டிதானாம், எடுத்துவிட்டுத் திரும்பினார். அக்காவுக்கும் பஸ் காசு தருவதாகச் சொன்னார். அக்கா போகவில்லை.

"பஸ்ஸோட முடிஞ்சிடுமா? அங்க எத்தினி நாளோ, இன்னா செலவோ. இங்க புள்ளைங்களுக்கு யாரு சோறாக்குறது?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆனால் அதன்பின் நாக்கால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இன்னாடி, பெருசாயிருக்குதா?" என்று வாயைத் திறந்து காட்டுவாள். ஒருநாள் பெரிதாகத் தெரியும், இன்னொரு நாள் பழையபடியே தெரியும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாளோ என்று தோன்றும். அதெப்படி, தெரியாவிட்டால் நோய் இல்லாமல் போய்விடுமா என்றும் உடனே தோன்றும்.

மறுவருஷம் வாயைத் திறக்கவே முடியாமல் போனபோது அக்காவின் வீட்டுக்காரர் கறவை மாட்டை விற்றார். மெட்ராஸில் கன்னத்தின் உட்புறத்தை வெட்டி எடுத்தார்கள்.

"போன வருஷமே வந்திருந்தா சின்ன வேலைம்மா" என்று டாக்டர் கோபித்துக்கொண்டார்.

"போன வருசமும் மாட்ட வித்துதான் சார் வந்திருக்கணும்" என்றாள் அக்கா, குழறலாக.

பிழைத்துவிட்டாள். மண்டிக்குத் திரும்பிய அன்று முதலாளியம்மா, "அப்பவே சொன்னேனே" என்று கண்கலங்கினார்.

"ஆமாம்மா" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க சொன்னதும் சரிதான். நான் போவாததும் சரிதான், இல்ல?"