ஆளுக்கொரு அத்தியாயம்

ஒரு புத்தகத்தை ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை சும்மா இருக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. கொடுத்த மறுநாளே "எதுவரைக்கும் வந்தீங்க?" என்று கேட்டுவிடுவேன். "அந்தக் கிணத்துச் சண்டை வந்துடுச்சா?" என்று கேட்டு, அவர் விழிப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வேன். கல்லூரியில் என்னிடம் புத்தகம் வாங்கவே பயப்படுகிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது வாய்மொழித் தேர்வு வைக்கிறேனாம்.

இந்த வியாதி எட்டாம் வகுப்பில் பிடித்தது. அப்போது நாங்கள் ஆரணியில் வாடகைக்கு இருந்தோம். பட்டுப்புடவை ஆரணி இல்லை. பொன்னேரி பக்கம் ஆற்றை ஒட்டியிருக்கும் எங்கள் ஆரணி. அம்மாவும் அப்பாவும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்தார்கள். நான் நூலகத்தில் சிறுவர் நாவல்கள் இருந்த ஒற்றை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

மூன்று நாவல்களை நான் யாரைப் பார்த்தாலும் சிபாரிசு செய்வேன். முதலாவதில் ஓர் ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்துவிடும். அதை வெளியே எடுக்க ஊரே திட்டம் போடும், திட்டத்துக்குத் திட்டம் சண்டை வரும், ஆட்டுக்குட்டியோ உள்ளே வளர்ந்துகொண்டே போகும். இரண்டாவதில் பள்ளிக்கூட மணி காணாமல் போகும். நான்கு பிள்ளைகள் துப்பறியக் கிளம்புவார்கள். திருடியவன் அந்த நால்வரில் ஒருவன், அவன்தான் தடயம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன். பக்கத்து பெஞ்சுக்காரியிடம் சொன்னேன், டியூஷனில் சொன்னேன், மாவு மிஷின் அக்காவிடம் மிளகாய் அரைபடும் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். ஒருவர்கூடப் படிக்கவில்லை.

மூன்றாவது நாவல்தான் என்னைப் படுத்தி எடுத்தது. ஓர் அக்காவும் தம்பியும் ரயிலில் போகிறார்கள். பெரிய ஸ்டேஷன் ஒன்றில் அக்கா தண்ணீர் பிடிக்க இறங்குகிறாள். ரயில் தம்பியோடு கிளம்பிவிடுகிறது. அதன்பின் ஓர் அத்தியாயம் அக்காவுக்கு, ஓர் அத்தியாயம் தம்பிக்கு என்று கதை மாறி மாறிப் போகும். இவள் தேடிப் போகும் இடத்தைவிட்டு அவன் கிளம்பியிருப்பான். அவன் வந்து சேரும் இடத்தில் இவள் இருக்கமாட்டாள். கடைசிப் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் இரண்டு ரயில்கள் எதிரெதிராகக் கடக்கின்றன. ஒன்றின் ஜன்னலில் அக்கா, இன்னொன்றின் ஜன்னலில் தம்பி. அவ்வளவுதான். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டார்கள்.

பார்த்துக்கொண்டார்களா, இல்லையா? நான் பின்னட்டைவரை புரட்டிப் பார்த்தேன். விலை போட்டிருந்தது, விடை இல்லை. சாப்பிடும்போதும் கணக்குப் போடும்போதும் அந்த இரண்டு ரயில்களும் ஓடிக்கொண்டே இருந்தன. எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதே கதையை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, "பாத்தாங்க" என்றோ "பாக்கல" என்றோ எனக்குச் சொல்ல ஒரே ஓர் ஆள். சாலையில் போகிற யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்லலாமா என்றுகூட இருந்தது.

வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஆனால் அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதே அபூர்வம். அம்மாவுக்கு எப்போதும் காலை ஷிப்ட். இருட்டோடு கிளம்பிப் போய், மருந்து பாட்டில் மூடிகளை நாளெல்லாம் பொறுக்கிப் பார்த்து, மதியத்துக்கு மேல்தான் திரும்புவாள். அப்பா இரும்பு வார்க்கும் கம்பெனியில். ஆள் குறைந்துபோனதால் அந்த மழைக்காலம் முழுக்க அவருக்கு மதியம் ஷிப்ட். அம்மா வந்து இறங்குவதற்குள் அவர் கிளம்பியிருப்பார். அவர் வரும்போது அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். வார விடுமுறையும் ஆளுக்கொரு கிழமை. இவர்களுக்கு நடுவில் பேசும் வேலை எனக்கு. "நைனாகிட்ட சொல்லு, கேஸ் வரும்னு." "அம்மாகிட்ட கேளு, என் நீலச் சட்ட எங்கன்னு." நான் மட்டும் இல்லையென்றால் இவர்களுக்கு ஒருவரையொருவர் மறந்தே போயிருக்கும் என்று நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு, பயந்ததும் உண்டு.

அந்த நாவலை இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சிபாரிசு செய்தேன். அப்பா உடனே தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். அம்மா சண்டைக்கு வந்தாள்.

"நாள் பூரா மூடியப் பாத்துப் பாத்து கண்ணே பூத்துப் போச்சி. இதுல பொஸ்தகம் ஒண்ணுதான் கொறச்சல்."

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு அத்தியாயம்மா. செல்லுல பாக்கற நேரத்துல பாதிகூட ஆவாது."

"படிக்கிறேன். ஆனா முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. எதுவரைக்கும் வந்த, இன்னா புரிஞ்சிதுன்னு நச்சரிச்சன்னு வெச்சிக்கோ, தூக்கி லைப்ரரிலயே குடுத்துருவேன்."

ஒப்புக்கொண்டேன். எனக்கு அதைவிடக் கொடிய தண்டனை வேறு இருக்க முடியாது. புத்தகம் ஃபிரிட்ஜ் மேல் குடியேறியது. அடையாளத்துக்கு ஒரு காலண்டர் தாளைக் கிழித்து வைத்தேன். சாயங்காலம் குழம்பு கொதிக்கும் நேரத்தில் அம்மா ஓர் அத்தியாயம் படிப்பாள். சனிக்கிழமை காலையில் பார்த்தேன், நாஷ்டா முடிந்து அப்பாவும் உதடு அசைய அசைய ஓர் அத்தியாயம் படித்தார். அந்தத் தாள் அம்மாவுடையது, அப்பா பக்கத்தை மனதில் வைத்துக்கொள்கிறார் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

தாள் நகர நகர எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கும் சாக்கில் ஃபிரிட்ஜ் பக்கம் போய்த் தாள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். அம்மா படிக்கும்போது எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்ப்பேன். "அந்தாண்ட போ, மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தா எப்பிடி படிக்கறது," என்று விரட்டுவாள். ஒருநாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "பொறுப்பில்லாத பய," என்று முணுமுணுத்தாள். தம்பியைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. இன்னொரு நாள் காலையில் அப்பா ஷூவைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்கு தம்பி மேல பாசமே கெடையாது போலருக்குது," என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பிக்காக உருகும் அந்த அக்காவையா? எந்தப் புத்தகத்தைப் படிக்கிறார்கள் இவர்கள்? கேட்க முடியாது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன்.

தாள் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்த சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம், ரோட்டில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். கம்பெனி பஸ் எதுவும் வராது என்று இருவருக்கும் போன் வந்தது. கரண்டும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டோம்.

"பொஸ்தகம் முடியப் போவுது போல," என்றார் அப்பா.

"ஒரே ஒரு பாடம்தான்," என்றாள் அம்மா. அத்தியாயத்தை அவள் பாடம் என்றுதான் சொல்வாள். "அந்தத் தம்பிப் பய கடைசிலயாவது வந்து சேர்றானா பாக்கலாம். அக்காவ உட்டுட்டு ஹாயா ரயில்ல போய்க்கினே இருக்கறான்."

அப்பா நிமிர்ந்தார். "ஹாயா போறானா? அடுத்த ஸ்டேஷன்லயே எறங்கி பெஞ்சுல படுத்துக்கினு கெடந்தான். அவதான் வரல."

"அவன் எப்ப எறங்கினான்?"

"அந்த நாய்க்கு பன்னு குடுப்பானே, அப்ப."

"இன்னா நாயி?"

"அவன் கூடயே வருதே, அந்த நாயி."

"கதைல நாயே கெடையாதுயா. அவ எப்பிடி வருவா, ஜுரம் வந்து ஆஸ்பத்திரில இல்ல படுத்துக்கினு இருந்தா?"

"யாருக்கு ஜுரம்?"

என் கையிலிருந்த உப்புமா அப்படியே நின்றது. ஃபிரிட்ஜ் மேலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தேன். "நைனா, டெய்லி நீ எங்கேர்ந்து படிச்ச?"

"தாளு வெச்ச எடத்துலேர்ந்து."

"அது அம்மா வெச்ச தாளு."

"ஆமா. உங்கம்மா முடிச்சத நான் எதுக்கு திரும்பப் படிக்கணும்? முன்னாடி ஷிப்ட்டுக்காரன் ஊத்தி வெச்ச அச்ச நான் போய் மறுபடியும் ஊத்திக்கினா இருக்கறேன்? அவன் உட்ட எடத்துலேர்ந்துதானே ஆரம்பிக்கணும்."

அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பா சொன்னதில் ஒரு தப்பும் காணாதவளாக உட்கார்ந்திருந்தாள். "நானும் அதான் பண்ணேன். அவரு ஒண்ணு முடிச்சா அது முடிஞ்ச கணக்குதானே?"

"முன்னாடி நடந்தது தெரியாம எப்பிடிப் புரிஞ்சிது?"

"சில எடம் புரியல," என்றார் அப்பா. "போகப் போக சொல்லுவாங்கன்னு உட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அக்காவின் அத்தியாயங்களை மட்டும் அம்மாவும், தம்பியின் அத்தியாயங்களை மட்டும் அப்பாவும் படித்திருக்கிறார்கள். நான் கேட்டது ஒரு முழு ஆள். கிடைத்தது இரண்டு அரை ஆள். "போங்க, ரெண்டு பேரும் மொதல்லேர்ந்து படிங்க," என்று கத்தினேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பியிருந்தார்.

"எந்த ஆஸ்பத்திரி? அப்பால இன்னா ஆச்சு?"

அம்மா சொன்னாள். நர்ஸிடம் அக்கா எப்படிப் பெயரை மாற்றிச் சொன்னாள், எப்படித் தப்பித்தாள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பதிலுக்கு அப்பா நாயைப் பற்றிச் சொன்னார். அவன் காத்திருந்த நாளில் இவள் ஜுரத்தில் கிடந்தாள் என்று ஒட்டவைத்துப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "பாவம், அந்தப் புள்ளயப் போயி நான் இன்னா திட்டு திட்டினேன்," என்றாள். நான் இரண்டு இடத்தில் திருத்தப் பார்த்தேன். "நீ சும்மா இரு, அவரு சொல்லட்டும்," என்றாள். அவர்கள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. அவர்கள் பேசிய ஒரு வார்த்தையும் என் வழியாகப் போகவில்லை.

கடைசி அத்தியாயத்தை நான் உரக்கப் படித்தேன். இரண்டு ரயில்களும் அந்தச் சின்ன ஊரில் கடந்தன. புத்தகத்தை மூடிவிட்டு, இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டேன். "பாத்தாங்களா, பாக்கலையா?"

"பாத்திருப்பாங்க," என்றாள் அம்மா, யோசிக்காமல்.

"எப்பிடிம்மா? ரெண்டு ரயிலும் ஓடிக்கினு இருக்குது. ஒரு செகண்டுகூட ஆவாது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க ரெண்டு பஸ்ஸுங்கூட ஓடிக்கினுதான் இருக்குது."

எனக்குப் புரியவில்லை. அம்மாதான் விளக்கினாள், ஏதோ ரேஷன் கடை விஷயம் போல. அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும் பஸ்ஸும், அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸும் கவரப்பேட்டைக்கு இந்தப் பக்கம், வளைவுக்குக் கிட்டே, தினமும் கடக்குமாம். ரோடு குறுகல் என்பதால் இரண்டும் அங்கே மெதுவாகப் போகுமாம். அதற்காகவே டிரைவர் பக்கம் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்வாளாம்.

"நைனாவுமா?"

"நானுந்தான்."

"அவ்ளோ சீக்கிரத்துல இன்னா தெரியும்?"

"தெரியும். சாப்ட்டாளா, தலவலியா, சூப்பர்வைசர்கிட்ட சண்ட போட்டுக்கினு வர்றாளா, எல்லாம் தெரியும்."

"ஒரு நாளு அந்த சீட்டுல வேற ஆளு ஒக்காந்துக்கினு இருந்தான்," என்றாள் அம்மா. "இவருக்கு இன்னா ஆச்சோன்னு எனக்கு ஒரே பேஜாராப் பூடுச்சி. ஊட்டுக்கு வந்து போன் போட்டா, பின்னாடி சீட்டுல இருந்தேன்றாரு."

நான் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார்கள் என்று பட்டது. கதையில் எழுதாததை இவர்கள் எப்படிச் சொல்லலாம் என்று வேறு எரிச்சல். அன்று முழுவதும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மறுநாள் தண்ணீர் வடிந்து கம்பெனி பஸ்கள் ஓடின. பள்ளிக்கு மட்டும் விடுமுறை நீடித்தது. அப்பா கிளம்பியதும் சைக்கிளை எடுத்தேன்.

குறுக்குவழியாக மிதித்து வளைவுக்குப் போய் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். நல்ல தூறல். அப்பாவின் பஸ் ஆரணிப் பக்கமிருந்து வந்தது. எதிரே அம்மாவின் பஸ். இரண்டும் வேகத்தைக் குறைத்துச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நெருங்கின. மழைக்கு எல்லாக் கண்ணாடிகளையும் சாத்தியிருந்தார்கள். இரண்டு பஸ்களிலும் டிரைவருக்குப் பின்னால் ஒவ்வொரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

நான் ஸ்டாண்டு போட்ட சைக்கிளின் கேரியர் மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். இருவரில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை.