பட்டறைக்குப் போன வில்

பிரவீனாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், கழுத்தில் கிடந்த விசிலைக்கூடக் கழற்றாமல் வில்லைத்தான் முதலில் கையில் எடுத்தாள். பிடிக்குக் கீழே வளையும் பட்டையான கீழ்க்கையைத் தடவிய விரல் பாதியில் நின்றது. ஓரம் மொட்டையாக இருந்தது. யாரோ அரம் போட்டிருந்தார்கள்.

"அத்தை, இதை யாரு எடுத்தது?" என்றாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அடுப்படியிலிருந்து மாமியார் காளியாத்தாள் சொன்னாள்: "உங்கொழுந்தன் கதிர்வேலு மத்தியானம் சோத்துக்கு வந்தானில்ல சாமி, எடுத்துட்டுப் போயி சரி பண்ணிக் கொண்டாந்து வெச்சான். நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பான்."

ஐந்து வாரமாகப் பிரவீனா அந்த வில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மயில்சாமி ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டியவர். தோட்டத்துக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிளம்பியபோது, பங்களாச் சுவரில் மாட்டியிருந்த இந்த அமெரிக்க வேட்டை வில்லை எடுத்து, பிள்ளை விளையாடட்டும் என்று கொடுத்தார். விளையாடிய பிள்ளை அதை வைத்தே பல்கலைக்கழகப் பதக்கம்வரை போனாள். பிறகு கல்யாணம், நாமக்கல், ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை. வில் ஏழு வருஷம் பீரோவுக்கு மேலே கிடந்தது.

இந்த வருஷம் மாவட்டத் தேர்வில், குறிபார்க்கும் கருவி எதுவும் பூட்டாத வெறும் வில்லுக்கும் ஒரு பெண்கள் பிரிவு வைத்தார்கள். வயது கேட்கவில்லை. முப்பத்தொரு வயதில் பிரவீனா பெயர் கொடுத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில்.

வில்லின் இரண்டு கைகளிலும் பழைய வார்னிஷ், கோடையில் பனமரத்துப்பட்டி ஏரி வெடிப்பதுபோல வெடித்திருந்தது. உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் அதைச் செதில் செதிலாகச் சுரண்டி எடுத்தாள். அடியில் இருந்த கண்ணாடி இழையில் ஒரு கீறல் விழாமல் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். புது வார்னிஷை மெல்லிசாக மூன்று பூச்சு பூசி, ஒவ்வொன்றையும் ஒரு நாள் காயவிட்டாள். பிடிக்கு ஆட்டுத்தோல் சுற்றினாள், நுனிகளுக்கு அரக்கு நிற நூல் கட்டினாள். கைகளின் முகப்பை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். அங்கே என்ன வரைவதென்று இன்னும் தோன்றவில்லை.

வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

கணவனின் தம்பி கதிர்வேலுக்கு பைபாஸ் ஓரத்தில் லாரி ஸ்பிரிங் பட்டறை. அண்ணன் பெண்டாட்டியைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"வாங்க நங்கையா! பாத்தீங்களா? நல்ல சாமானுங்க. ஆனா செஞ்சவன் கோட்டை விட்டுட்டான்."

"என்ன கோட்டை?"

"கீழ்ப்பட்டை இறுக்கம், மேல்பட்டை தொய்வு. வைஸ்ல புடிச்சு ரெண்டுலயும் ஒரே எடையைத் தொங்க விட்டுப் பாத்தேன். அளவுகோல்ல அரை நூலு வித்தியாசம்! வண்டியா இருந்தா ஒருபக்கமாச் சாஞ்சுரும். ஓரத்துல அரம் போட்டுச் சமம் பண்ணிட்டேன்."

"அது அப்படித்தான் இருக்கோணும். புடிக்கிற கை நடுவுக்குக் கீழ இருக்குது, அம்பு மேல இருக்குது. இழுக்கறப்ப கீழ்க்கைக்குப் பாரம் ஜாஸ்தி. அதுக்குத்தான் கீழ இறுக்கமாச் செஞ்சிருக்கான்."

கதிர்வேல் ஒரு கணம் விழித்தான். "எனக்கெப்படிங்க தெரியும்?"

"கேட்டிருந்தாத் தெரியும்."

"ஒரு நல்லது செய்யறதுக்கு லீவு லெட்டர் மாதிரி எழுதிக் குடுக்கோணுமாக்கும்?" என்றான். பட்டறையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நீங்க இல்லாதப்ப வந்து, இங்க நிக்கிற வண்டியோட பட்டையை நான் அறுத்துட்டுப் போனா?"

"அது வேறங்க நங்கையா. அது பொழப்பு."

"அப்ப இது?"

அவன் செல்போனை எடுத்து அண்ணன் சிவக்குமாரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். மத்தியப் பிரதேசத்தில் எங்கோ போர்வெல் வண்டி இரைச்சலுக்கு நடுவே சிவக்குமார் விஷயத்தைக் கேட்டான். "தெரியாமப் பண்ணிட்டான். விடு பிரவீனா," என்றான்.

விடு. அவளுடைய ஓட்டக் காலணியை யாரோ விருந்தாளிப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தபோதும் விடு. பயிற்சி முகாமுக்குப் போகும் நாளில் அவளைக் கேட்காமல் காது குத்து வைத்தபோதும் விடு. ஏழு வருஷத்தில் அவள் விட்டதையெல்லாம் அடுக்கினால் இந்தப் பட்டறை கொள்ளாது. அவளே போனை அணைத்தாள்.

அராவிய ஓரம் திரும்ப வளராது. இருப்பது ஒரே வழி: கீழே போனதற்குத் தக்கபடி மேலேயும் எடுக்க வேண்டும். வில் வலுவிழக்கும், ஆனால் உயிரோடு இருக்கும்.

"அரத்தைக் குடுங்க."

"நான் போடறனுங்க, உங்களுக்குக் கை—"

"தொடாதீங்க."

நாலு இழுப்பு அரம். நாணேற்றுவாள், இரண்டு கையிலும் நாணுக்கும் வில்லுக்கும் உள்ள இடைவெளியை அளப்பாள், இறக்குவாள். மறுபடி நாலு இழுப்பு. சிரித்த இருவரும் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை. தன் பட்டறையில் தனக்கு வேலையில்லாமல் கதிர்வேல் ஓரமாக நின்றான். முடித்துத் தராசில் மாட்டி இழுத்தபோது, நாற்பது பவுண்டு இழுவை இருந்த வில் முப்பத்துநாலு காட்டியது. இனி முப்பது மீட்டரில் அம்பு எவ்வளவு தாழும் என்பதைப் புதிதாகப் பழக வேண்டும். மூன்று நாள்தான் இருந்தது.

வெளியே வந்தவள், பக்கத்துக் கொட்டகையில் லாரிகளுக்குப் பேர் எழுதும் அர்த்தநாரியிடம் போனாள். "அண்ணா, இதுல எழுதோணும். அடியில பட்டி பூச வேண்டாம், வளைஞ்சா வெடிச்சுரும். பெயின்ட் மெல்லிசா."

"சாமி பேருங்களா டீச்சர்?"

"கேட்டுட்டுத் தொடு. அதான் எழுதோணும்."

அர்த்தநாரி தூரிகையைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "கீழ்க்கையிலயா, மேல்கையிலயா?"

"ரெண்டுலயும்."

மஞ்சளில், சிவப்பு நிழல் கொடுத்து, லாரியின் பின்பக்கத்தில் எழுதுவது போலவே எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மூன்று அம்பும் தாழ்ந்து விழுந்தன. நாலாவதிலிருந்து வில் அவள் சொன்னபடி கேட்டது. நாலு பேரை எடுத்தார்கள். அவள் ஐந்தாவது. இரண்டு புள்ளி குறைவு.

வீட்டு வாசலில் கதிர்வேல் காத்துக்கொண்டிருந்தான். "என்னாச்சுங்க நங்கையா?"

"ரெண்டு புள்ளி. அந்த ஆறு பவுண்டு."

அவன் தலை தாழ்ந்தது. வில்லைப் பார்த்தான். பழக்கத்தில் கை நீண்டது, மஞ்சள் எழுத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"ஒருக்காப் பாக்கட்டுங்களா?"

பிரவீனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் இந்த வீட்டில் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

"வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வில்லோடு உள்ளே போனாள்.