பத்து தசம் எட்டு ஏழு

கொழும்பு வெள்ளவத்தையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 என்று படிப்பிக்கிற சேர் முதலே கரும்பலகையில் எழுதிப்போடுவார். பிறகு அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி எங்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார். விடையைக் கையில் வைத்துக்கொண்டு விடை தேடுகிற இந்தக் கூத்துக்குப் பௌதிகவியல் செய்முறை என்று பெயர்.

நானும் வாங்கில் என் பக்கத்தில் இருந்த தோழியும் ஒரு சோடி. ஊசல் நூலை எழுபது சென்ரிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர் வரை நீட்டி நீட்டி, இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். எண்ணுவது நான், கடிகாரத்தை அமத்துவது அவள். குண்டை விட்டவுடனேயே நான் 'ஒண்டு' என்றேன். பூச்சியத்தில் தொடங்கியிருக்க வேண்டும். நான் இருபது என்றபோது குண்டு பத்தொன்பது தரம்தான் ஆடியிருந்தது. விடை 10.87 வந்தது.

அவள் அதை அப்படியே எழுதினாள். நான் கெட்டிக்காரி அல்லவா, கல்குலேற்றரில் 9.8இலிருந்து பின்னால் போய் நேரங்களைச் சமைத்தேன். ரியூஷனுக்கு ஓடுகிற அவசரத்தில் எழுபதின் நேரத்தையும் எண்பதின் நேரத்தையும் மாறி எழுதிவிட்டேன். நூல் நீண்டால் ஆட்டம் மெதுவாகும் என்று தெரிந்த எவருக்கும் அது கண்ணில் குத்தும். சேர் என் கொப்பியின் கடைசி வரியை மட்டும் பார்த்து 'மிக நன்று' போட்டார்.

அவளுடைய கொப்பியை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். "உங்கட வீட்டில மட்டும் பூமி கூடுதலா இழுக்குதோ, பிள்ளை?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பு.

"வந்ததைத்தான் எழுதினனான், சேர்," என்றாள். எண்ணியது நான் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் இடைவேளையில் தனியே ஆட்டிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். திரும்பச் செய்யட்டா என்று சேரிடம் கேட்டிருக்கிறாள். நேரமில்லை, 9.8 என்று போட்டுக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன் என்றாராம். அவள் போடவில்லை. சிவப்புக் கோடு விழுந்த அந்தப் பக்கம் கையெழுத்தில்லாமலே கிடந்தது.

பரீட்சை முடிந்ததும் என் கொப்பிக்குத்தான் கிராக்கி. கீழ் வகுப்புப் பிள்ளைகள் வாங்கிப்போய் காலி வீதிக் கடைகளில் போட்டோகொப்பி அடித்தார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

போன கிழமை என் மகள் தன் செய்முறைக் கொப்பியை மேசையில் விட்டுப் போயிருந்தாள். ரியூஷன் குழுவில் வட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து எழுதியதாம். எழுபதுக்கு 35.9 செக்கன், எண்பதுக்கு 33.6. நான் அன்று மாறி எழுதிய அதே நேரங்கள், என்னுடைய அதே அவசரம், ஒரு தசமம்கூடப் பிசகாமல். கீழே 'மிக நன்று', வேறொரு சேரின் கையெழுத்தில்.

நீள நூல் எப்படியடி வேகமாய் ஆடும் என்று கேட்டேன்.

"சேர் சைன் வைச்சிட்டார் அம்மா. இனி ஏன் கிண்டுறீங்கள்?" என்றாள்.

கொப்பியை மூடி அவளுடைய பையில் வைத்தேன். அன்றைக்கு எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணால் கண்டதை எழுதியவள் என் தோழி ஒருத்திதான். அவளுடைய கொப்பியை ஒருவரும் இரவல் கேட்கவில்லை.