படத்தின் அடி ஓரத்தில் ராசப்பன்

சோமனூரில் விசைத்தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வள்ளியாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் ராசப்பன் இறந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. தாராபுரம் பக்கம் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். மோட்டார் பழுதென்று கிணற்றில் இறக்கிவிட்டார்கள். மின்சாரம் தாக்கிச் செத்தார். விதி என்றார்கள். இற்றுப்போன ஒயரை மாற்றாதவனுக்கு விதி என்ற சொல் எவ்வளவு வசதி!

வாக்காளர் அட்டையில் அவர் முகம் கரி அப்பியது போலிருக்கும். தெளிவாக இருப்பது பண்ணை வீட்டுக் கல்யாண வீடியோவில் மட்டும்தான். பழைய கேசட்டை அவர்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, மகள் கயல்விழி கேட்டுப் பென்டிரைவில் வாங்கி வந்தாள். ஆட்களுக்கு வேட்டி கொடுக்கும் காட்சி. சோபாவில் மணமக்கள், நாற்காலிகளில் சொந்தக்காரர்கள், மண்தரையில் ஆட்கள். படத்தின் அடி ஓரத்தில் ராசப்பன் கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். பதினோரு விநாடி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வள்ளியாத்தாள் அதைப் போடச் சொல்வார்.

ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டுப் பிரவீனாவும் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, ரெண்டு பக்கமும் கறுப்பாப் பட்டை நிக்குது? ஏனம்மிணி கயலு, இத்தனை படிச்சும் இதைச் சரி பண்ணத் தெரியாதா?"

கயல்விழிக்கு ரோசம் வந்துவிட்டது. படம் திரையை நிரப்பும்படி அமைப்பை மாற்றினாள். பட்டைகள் போயின, லேப்டாப் திரை முழுக்கக் கல்யாணம் நிறைந்தது. பதினோரு விநாடியும் வந்து போனது.

"உங்கப்பனெங்க கண்ணு?"

மறுபடி ஓட்டினாள். இல்லை. தரையில் இருந்த வரிசையே இல்லை.

"அழிச்சுப்போட்டியா?" வள்ளியாத்தாள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து தேடினார்.

"அழியலீங்ம்மா. திரைக்கு வெளிய இருக்கறாரு."

பழைய வீடியோ ஏறக்குறையச் சதுரம், திரையோ அகலம். அகலத்தை நிரப்பப் படத்தைப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். மேலே பந்தல் துணி இருந்தது. கீழே மனிதர்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது. அவர்களைத் தரையில் உட்கார வைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கயல்விழி வெட்டாமல் இழுத்து விரிக்கும் முறையைப் போட்டாள். ராசப்பன் திரும்பி வந்தார், பூசணிக்காய் முகத்தோடு. பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டாள். வள்ளியாத்தாளே சிரித்துவிட்டார்.

"மூணு வேளையும் சோறு கண்டிருந்தா இப்படித்தான் இருந்திருப்பாரு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போதும் கண்ணு. கறுப்பு இருந்துட்டுப் போகுது. அவரை அவராட்டமே காட்டு."

பட்டைகள் திரும்பி வந்தன, ராசப்பன் பழைய முகத்தோடு அடி ஓரத்தில் இருந்தார். அவர் சிரிக்கும் இடத்தில் கயல்விழி வீடியோவை நிறுத்தி, அந்தக் காட்சியைப் படமாக எடுத்தாள். பிறகு தானே வெட்டினாள். சோபா போனது, நாற்காலிகள் போயின. ராசப்பன் மட்டும் மிஞ்சினார்.

மறுநாள் அதைச் சட்டம் போடக் கொண்டுபோனபோது ஸ்டுடியோக்காரர் கேட்டார்: "மாலை போட்டாப்பல பண்ணிக் குடுத்தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க," என்றார் வள்ளியாத்தாள். "சிரிச்சுட்டிருக்காரு. அப்படியே உட்டுருங்க."