சூடேற்றிய பெட்டிகள்

அந்தப் பழுதுபார்க்கும் கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பீப்பக்கா. கணினியை இயக்கியதும் ரேம் அட்டையில் கோளாறு என்றால் பெட்டி நீளமாக மூன்று முறை 'பீப்' என்று கத்தும்; உள்ளே பலகை ஓரத்துச் சின்னத் திரையில் ஓர் எண் வந்து நிற்கும். ஐம்பத்தைந்து என்று நின்றால் ரேமைப் பெட்டி கண்டுகொள்ளவில்லை என்று பொருள். அதைப் பார்த்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது பதினான்கு வருஷமாக அவள் வேலை.

உட்கார்ந்த இடத்தில் கால் தரிக்காது. வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்குவாள். பாதியில் திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "நீ இழுக்கிற இழுப்புல ஒரு நாள் அது கையோட வரப்போகுது" என்பார் கணவர். அவர் சொல்லி அவள் என்றைக்குக் கேட்டாள்.

கூடத்தில் அவளுக்குத் துணை டீசல் அண்ணன். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் பஸ் பணிமனையில் இருந்துவிட்டு, எட்டு மாதம் முன்பு இங்கே வந்தவர். விடியற்காலையில் வண்டிகளை உறுமவிட்டுச் சூடேற்றிய பழக்கம் அவரை விடவில்லை. அரைமணி முன்னதாக வந்து, சோதனைக்கு இருக்கும் பெட்டிகளையெல்லாம் ஒரு தடவை ஓட்டிச் சூடேற்றி அணைத்துவைப்பார். கிளம்பாத பெட்டியை, "சோம்பேறி வண்டி" என்று ஒரு தட்டுத் தட்டி மறுபடி அழுத்துவார். அது கிளம்பிவிடும். அவள் வரும்போது எல்லாம் சமர்த்தாக எழுந்துகொள்ளும். அவர் வந்த பிறகு கத்தல் குறைந்துவிட்டது, கைராசிக்காரர் என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளும்தான்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணன் பல் பிடுங்கப் போயிருந்தார். இரண்டு நாள் விடுமுறையில் கூடம் ஐஸ் பெட்டிபோல் கிடந்தது. நாற்பது பெட்டிகளையும் அவளே வரிசையாக அழுத்தினாள். மூன்றாவது கத்தியது. ஒன்பதாவது கத்தியது. முடிக்கும்போது ஏழு பெட்டிகளில் ஐம்பத்தைந்து. எண்ணை எழுதிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். ஏழும் ஒழுங்காக எழுந்தன. உள்ளே பதிவைத் தேடினால் ஒன்றுமில்லை. அந்தப் பலகைகள் கடைசித் தொடக்கத்தை மட்டுமே குறித்துவைக்கும்; அடுத்த முறை நன்றாக எழுந்துவிட்டால் முந்தையது அழிந்துபோகும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ரேம் அட்டையில் குளிரில் விட்டுப்போகிற மயிரிழைத் தொடர்பு சூட்டில் ஒட்டிக்கொள்கிறது. அப்படியானால் எட்டு மாதமாக அவள் எழுதிய 'சரி' எல்லாம் இரண்டாவது அழுத்தத்தின் 'சரி'.

அதில் பன்னிரண்டு பெட்டிகள் போன மாதம் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்குப் போயிருந்தன. பொருத்திய நாளிலிருந்து அவை அணையவே இல்லை. நாளைக் காலை அங்கே இரண்டு மணி நேர மின்தடை; அதுவரை பழைய கட்டடத்தில் அழைப்புகளை எடுத்துவிட்டு, பதினோரு மணிக்கு மறுபடி மையத்துக்கே மாற்றுவார்கள். அப்போது பன்னிரண்டும் குளிர்ந்து கிடக்கும்.

மேலாளரிடம் ஓடினாள். அவர் நிதானமாகக் கேட்டார். இரண்டாவது தடவை எழுகிறதே, அவர்களும் அழுத்திக்கொள்வார்கள் என்றார். மேற்பார்வையாளர் பதவிக்கான பட்டியல் வியாழக்கிழமை வருகிறது, உன் பெயர் முதலில் இருக்கிறது, வேலியில் போகிற ஓணானை எடுத்து எதற்கு மடியில் கட்டிக்கொள்கிறாய் என்றும் சொன்னார்.

"அணைச்சுத் திரும்ப எழுந்து வர நாலு நிமிஷம் ஆகும் சார். அந்த நாலு நிமிஷம் போன் பண்றவங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

பத்தரைக்கு டீசல் அண்ணன் வீங்கிய கன்னமும் வாயில் பஞ்சுமாக வந்தார். அவள் சொல்லச் சொல்ல, மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லதுன்னுதாம்மா செஞ்சேன்."

"எனக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. அதான் ஒரு நாளும் கேக்கல."

பிறகு அவளே மையத்துக்குப் போன் போட்டாள். காலையில் முதல் அழுத்தத்திலேயே எழுந்த பெட்டிகளிலிருந்து பன்னிரண்டு ஜோடி ரேம் அட்டைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அண்ணனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மையத்து அதிகாரி நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். பெட்டிகளோடு வந்த சோதனைச் சான்றிதழை நீட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டார். "என்னோடதுதான்" என்றாள். பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த முடியாது, நான்கு நான்காக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

முதல் நான்கை அணைத்தார்கள். ஆறவேண்டும். அவள் சன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள். பக்கத்து மேசையில் ஒரு பெண், மூச்சு முட்டுகிற யாரோ ஒருவரின் முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, இன்னும் இளஞ்சூடு என்று தலையாட்டினார். ஒரு மணி நேரம் அப்படியே போனது.

"போதும்மா, கல்லாட்டம் ஆயிடுச்சு."

அழுத்தினாள். முதலாவது எழுந்தது. இரண்டாவது எழுந்தது. மூன்றாவது நீளமாக மூன்று முறை கத்தியது. அறையில் எல்லாத் தலைகளும் திரும்பின. அதிகாரியின் விரல் தன்னாலேயே பொத்தானை நோக்கிப் போனது. அவருக்கு அடுத்து நீண்டது அண்ணனின் கை. இரண்டையும் அவள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க. அழுத்தினா நடந்ததே இல்லன்னு ஆயிடும்."

பெட்டி எண், ஐம்பத்தைந்து, மணி இரண்டு பத்து. எழுதினாள். பிறகுதான் அட்டையைக் கழற்றிப் பையிலிருந்ததைச் செருகினாள். அதிகாரி கைவிளக்கைப் பிடித்தார்.

"இன்னும் எத்தனை?" என்றார் அவர்.

"இங்க ஒம்பது சார். இந்த எட்டு மாசத்துல இது மாதிரி நான் கையெழுத்துப் போட்டு வெளிய போனது முந்நூத்திச் சொச்சம்."

நான்காவது பெட்டியின் பொத்தானில் விரலை வைத்தாள்.